வீடு சரி, ஏரியா எப்படி?

கேள்வி: வில்லிவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. மனைவி தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் ஐந்தாம் வகுப்பு, அம்மாவுக்கு 68 வயது. 75 லட்சம் வரை எங்களால் முடியும். இரண்டு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெரும்பாக்கத்தில், வேலை முடியும் நிலையில் உள்ள புது அடுக்ககம். மொத்தம் 40 வீடு, நாங்கள் பார்த்தது மூன்றாம் மாடி. இன்னொன்று செம்பாக்கத்தில், 12 வருடப் பழைய கட்டடத்தில் முதல் மாடி. பத்திரத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தப் பக்கம் எங்களுக்குச் சுத்தமாகப் பழக்கமில்லை. யாரைக் கேட்டாலும் "சூப்பர் ஏரியா சார்" என்கிறார்கள். தரகர் ஒரு லட்சம் டோக்கன் போடச் சொல்லி நெருக்குகிறார். ஒரு பகுதியை வாங்குவதற்கு முன்னால் எப்படித்தான் தெரிந்துகொள்வது?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: "ஏரியா எப்படி?" என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். அங்கே சொந்த வீடு வைத்திருப்பவர், தன் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லித் தன் வீட்டு விலையைத் தானே ஏன் குறைத்துக்கொள்ளப் போகிறார்? தரகரோ உங்களை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் வரச்சொல்வார். அந்த நேரத்தில் சென்னையில் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். ஒரு பகுதியை அதன் கெட்ட நேரத்தில் பார்க்க வேண்டும். பெருமழைக்கு மறுநாள், மே மாதக் கடைசி, திங்கட்கிழமை காலை எட்டரை, ராத்திரி பத்து மணி. நேரில் பார்க்க முடியாத கெட்ட நேரத்தைத் தடயங்களிலிருந்தும் சரியான ஆட்களிடமிருந்தும் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் வெள்ளம். நீங்கள் பார்த்த இரண்டு இடமும் ஒரே சதுப்பு நிலத்துக்கு வடிகிற பகுதிகள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பாக்கம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கிறது. பெரும்பாக்கம் அந்தச் சதுப்பு நிலத்தின் தெற்கு ஓரம். சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பக்கத்துத் தண்ணீரும் அந்த வழியாகத்தான் வருகிறது. இவ்வளவும் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறி நின்றால் வடிவது மெதுவாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பல தெருக்களில் மழை விட்ட பிறகும் தண்ணீர் நின்றது இதனால்தான். மேல்பக்கத்தில் ஏரி நிரம்பினால் தண்ணீர் வேகமாக வரும், வடிந்தும் போகும். கீழ்ப்பக்கத்தில் நிதானமாக ஏறி, நாள் கணக்கில் நிற்கும். பொதுவாகச் சொன்னால் இதுதான் உங்கள் இரண்டு ஃபிளாட்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பகுதி நல்லதா கெட்டதா என்பதைவிட, அந்தத் தெரு எப்படி என்பதுதான் முக்கியம். ஒரே நகரில் இரண்டாவது தெருவில் முழங்கால் தண்ணீர் இருக்கும்போது ஐந்தாவது தெரு காய்ந்து கிடக்கும்.

அதனால் சர்வே எண்ணிலிருந்து தொடங்குங்கள். தரகர் நகர் பெயரும் தெருப் பெயரும்தான் சொல்வார். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எண் தர இழுத்தடித்தால் அந்த வீட்டை அத்துடன் விட்டுவிடலாம். எண் கிடைத்ததும் வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நிலத்தின் வகைப்பாடு அதில் இருக்கும். பெரும்பாலானவர்கள் தங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். புல வரைபடத்தில் உங்கள் மனையைச் சுற்றியுள்ள எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அண்டை எண்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரியின் நீர்ப்பரப்பு), மேய்க்கால் புறம்போக்கு (மேய்ச்சலுக்கான அரசு நிலம்) என்று ஏதாவது வந்தால் கவனம் வேண்டும். உங்கள் பட்டா சுத்தமாக இருக்கலாம். பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து, அதை மூடி ரோடு போட்டிருந்தால், மழைத் தண்ணீர் உங்கள் வாசல் வழியாகத்தான் போகும். நகர நில அளவை முடிந்த இடங்களில் எண்கள் மாறியிருக்கும். பழைய எண், புது எண் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தாள் இல்லாமல் தேடினால் வேறு யாருடைய நிலத்தையோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்கி, பழைய செயற்கைக்கோள் படங்களைக் காலவாரியாக நகர்த்திப் பாருங்கள். செலவு எதுவும் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய படத்தில் உங்கள் மனை இருக்கும் இடம் கரும்பச்சைத் திட்டாகவோ, வரப்பு கட்டிய வயலாகவோ, வளைந்து போகும் கோட்டின் ஓரமாகவோ தெரிகிறதா? வயலாக இருந்தால் மட்டும் தப்பில்லை, தென்சென்னையில் பாதி வயல்தான். வளைந்த கோடுதான் ஆபத்து. அது வாய்க்கால். அந்தக் கோடு இன்றைய படத்தில் எங்கே காணாமல் போகிறது என்று தேடுங்கள். அந்த இடத்துக்கு நேரில் போய் நில்லுங்கள்.

பெரும்பாக்கம் அடுக்ககத்துக்கு இன்னும் இரண்டு தாள் வேண்டும். ஒன்று, நீர்வளத் துறையின் தடையில்லாச் சான்று. அதை ஒரு சடங்காக நினைத்துக் கோப்பில் செருகிவிடுகிறார்கள். மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், எந்தப் பக்கம் வடிகால் விட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதற்குள் இருக்கும். அந்த மட்டம் நிஜத்தில் வந்திருக்கிறதா என்று கட்டுநரின் பொறியாளரை நிறுத்திக் கேளுங்கள். இரண்டாவது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) திட்ட அனுமதி தந்த தேதி. பள்ளிக்கரணை 2022-ல் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அந்தத் தலத்திலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், எல்லை ஆய்வு முடியும்வரை திட்ட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் கட்டடம் அந்தத் தூரத்துக்குள் வருகிறதா, அனுமதி எப்போது வாங்கியது, இன்றைய நிலவரம் என்ன என்பதை சர்வே எண்ணோடு சிஎம்டிஏவில் கேட்டு வையுங்கள். உங்களுக்குக் கடன் தரும் வங்கியும் இதையே கேட்கலாம். பிறகு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவரும் கேட்பார்.

இனித் தெருவுக்கு வாருங்கள். கூடத்தையும் மாடுலர் கிச்சனையும் பிறகு பார்க்கலாம். தெருவின் இரண்டு பக்கமும் நடந்து, பழைய வீடுகளின் காம்பவுண்ட் சுவரைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், அல்லது ஒரே உயரத்தில் பல வீட்டுச் சுவரில் பழுப்புக் கோடு ஓடினால், தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அந்தச் சுவரே சொல்கிறது. மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? தண்ணீர் மோட்டாரைத் தனி மேடை கட்டி உட்கார வைத்திருக்கிறார்களா? கேட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி, வண்டி ஏற இரண்டு பக்கமும் சரிவு வைத்திருக்கிறார்களா? யாரும் ஆசைக்காக இதையெல்லாம் செய்வதில்லை. ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டுக்காரரின் ஜாக்கிரதை என்று எடுத்துக்கொள்ளலாம். வரிசையாக ஐந்தாறு வீட்டில் இருந்தால் அது தெருவின் வரலாறு.

சாலை மட்டம் இன்னொரு தடயம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்ட பிறகும், அதற்கு முன் ஏறியது ஏறியதுதான். செம்பாக்கம் கட்டடத்தின் கார் நிறுத்தும் தளம் சாலையைவிட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று அளந்தே பார்க்க வேண்டும். கைப்பேசி காட்டும் கடல் மட்ட உயரத்தை நம்பாதீர்கள். அதில் பிழை மீட்டர் கணக்கில் வரும். நமக்கு வேண்டியதோ அரை அடி, ஒரு அடிக் கணக்கு. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் பத்துப் பதினைந்து மீட்டருக்குத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சாலை நடுவிலும் மறுமுனையைக் கார் நிறுத்தும் அந்த ஸ்டில்ட் தளத்திலும் நேராகப் பிடியுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால், இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் தளத்தின் ஏற்ற இறக்கம். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பாகிவிடும். தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். இதே முறையில் தெருமுனைவரை கட்டம் கட்டமாக நகர்ந்தால் உங்கள் கட்டடம் தெருவின் மேட்டிலா, பள்ளத்திலா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மழைநீர் வடிகால் இருக்கிறது என்றால் அதுவும் போதாது. கூடவே நடந்து, அது எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பாதியில் முட்டி நிற்கும் வடிகால்கள் ஏராளம். மழையே இல்லாத நாளில் அதில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், தெருவே கழிவுநீரை அதில் விடுகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர்தான் உங்கள் ஸ்டில்ட்டுக்கு வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஆட்களிடம் பேசுங்கள். வீட்டுக்காரர்களை விடுங்கள். வாடகைக்கு இருப்பவர், இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுகிறவர், தெருமுனை மளிகைக் கடைக்காரர், வாட்ச்மேன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் – இவர்களுக்கு நிலத்தின் விலையில் அக்கறை இல்லை, தினமும் தெருவில் இருப்பவர்கள். கேள்வியும் மாற வேண்டும். "இங்கே தண்ணி வருமா?" என்றால் "அதெல்லாம் இல்ல சார்" என்பார்கள். "மிக்ஜாம் அப்போ வண்டியை எங்கேண்ணே கொண்டுபோய் நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். "மேம்பாலத்துல" என்று பதில் வந்தால் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. "கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு?", "கடைச் சரக்கை எந்தத் தட்டு வரைக்கும் ஏத்துனீங்க?", "பால் வண்டி எதுவரைக்கும் வந்துச்சு?" இப்படிக் கேட்டால் நாளும் அளவும் தானாக வரும். 2015, 2023 இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு மழையும் வேறு வேறு மாதிரி பெய்தது; 2015-ல் தப்பித்த தெரு 2023-ல் மாட்டியிருக்கலாம்.

மூன்றாம் மாடிதானே, நமக்கென்ன என்று தோன்றும். தெருவில் தண்ணீர் நின்றால் விபத்தைத் தடுக்க மின்வாரியம் இணைப்பை நிறுத்திவிடும். லிஃப்ட் ஓடாது, மோட்டார் ஓடாது. ஜெனரேட்டரைத் தரையிலேயே வைத்திருந்தால் அதுவும் போச்சு. தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால், செப்டிக் டேங்க் நிரம்பிய தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் ஒன்றாகிவிடும். 68 வயது அம்மா மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல் நான்கு நாள் இருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் வீட்டுக்கான கேள்வி. பெரும்பாக்கத்தில் சம்ப் மூடி தளத்துக்கு மேல் இரண்டு அடியாவது தூக்கிக் கட்டப்பட்டிருக்கிறதா, மின் பலகையும் ஜெனரேட்டரும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். வேலை முடியாத கட்டடம் என்பதால் இதையெல்லாம் மாற்றச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

இனி வெள்ளத்துக்கு எதிர்ப்பக்கம். சென்னையில் டிசம்பரில் முங்கும் அதே தெரு மே மாதம் லாரிக்குக் காத்திருக்கும். குழாய்த் தண்ணீர் உண்டா என்ற கேள்விக்கு "லைன் போட்டாச்சு" என்று பதில் வந்தால் ஏமாறாதீர்கள். லைனில் வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் வருகிறது என்று கேளுங்கள். லாரியை நம்பும் அடுக்ககம் என்றால் கணக்கு இப்படி: தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடலில் வைக்கும் அளவு. 40 வீட்டில் வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 21,600 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. லாரி 1,500 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 90,000, வீட்டுக்கு 2,250. மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு இவ்வளவுதான் என்று கட்டுநர் சொல்லும் தொகையில் இது சேர்ந்திருக்காது. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டபோது லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று செம்பாக்கம் கட்டடத்தின் அசோசியேஷன் செயலாளரைக் கேளுங்கள். அவரிடம் கணக்கு நோட்டே இருக்கும்.

போர் தண்ணீரைச் சோதிக்க, அதில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. மீட்டர் உப்பைத்தான் காட்டும். இரும்பும் கிருமியும் அதில் தெரியாது. ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்புங்கள். பழைய ஃபிளாட்டில் அதற்கும் முன்பே ஒரு சோதனை இருக்கிறது: குளியலறைக்குள் போய் ஷவரை அண்ணாந்து பாருங்கள். துளைகள் வெள்ளையாக அடைத்திருந்தால் கடின நீர். டைல்ஸ் இடுக்கும் கழிப்பறைக் கோப்பையும் துருநிறமாக இருந்தால் இரும்பு. பழைய வீட்டை வாங்குவதில் உள்ள பெரிய சௌகரியம், அது எதையும் மறைக்காது.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, தொட்டிதானா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். தொட்டி என்றால் கழிவுநீர் லாரி மாதம் எத்தனை முறை வருகிறது, மழைக்காலத்தில் அந்த லாரி தெருவுக்குள் வர முடிகிறதா என்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். செம்பாக்கம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது, பெரும்பாக்கம் ஊராட்சி. குப்பை எடுப்பது, தெருவிளக்கு, சாலை, வரி எல்லாம் இதைப் பொறுத்து மாறும்.

போக்குவரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே ஓட்டிப் பார்த்துவிடலாம். ஒரு வேலைநாளில் காலை எட்டு மணிக்குப் பெரும்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கும், இன்னொரு நாள் செம்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கும் போங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். மேடவாக்கம் சந்திப்பும் கேம்ப் ரோடும்தான் உங்கள் இருவரின் நேரத்தையும் தீர்மானிக்கப் போகிறவை. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ இந்தப் பக்கமாக வருகிறது என்பது உண்மை. ஆனால் "மெட்ரோ வந்தால்" என்ற வாக்கியத்துக்கு இன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பு வேலை தொடங்கியது 2008-ல். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்து வருடத்துக்கு மேல் நின்றது.

மகள் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. நல்ல பள்ளி பக்கத்தில் இருக்கிறது என்பதும் அங்கே ஆறாம் வகுப்பில் இடம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. எல்கேஜியில் சேர்ந்தவர்களே மேலே போவதால் நடுவில் இடம் குறைவு. வீட்டுக்கு முன்பணம் தருவதற்கு முன் பள்ளியில் கேட்டுவிடுங்கள்.

"ஆட்கள் எப்படி" என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கும். பெரும்பாக்கத்தில் அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு இருப்பதைச் சொல்லித் தரகர் கிசுகிசுப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மனைவியோடு தெருவில் நடந்து பாருங்கள்: விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, பெண்கள் தனியாக வருகிறார்களா, நாய்கள் எவ்வளவு. அதில் கிடைக்கும் தகவல் கிசுகிசுவைவிட உருப்படியானது. செம்பாக்கம் கட்டடத்தில் அசோசியேஷனின் கடைசி இரண்டு வருட வரவு செலவையும் கேட்டு வாங்குங்கள். நிலுவை வைத்திருக்கும் வீடுகள் அதிகம் என்றால் லிஃப்ட் கெட்டாலும் மோட்டார் கெட்டாலும் சண்டையில்தான் முடியும்.

டோக்கனைப் பொறுத்தவரை, வக்கீல் கருத்து வரும்வரை ஒரு ரூபாயும் தர வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காசோலையாகக் கொடுத்து, ஆவணமோ அனுமதியோ சரியில்லாவிட்டால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். புது அடுக்ககத்தில் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதானால் கட்டுநர் விற்பனை ஒப்பந்தத்தை முதலில் பதிவு செய்ய வேண்டும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு இரண்டையும் வாங்க மாட்டேன். அம்மாவின் வயதையும் இரண்டு பேர் வேலைக்குப் போகும் திசையையும் பார்த்தால் செம்பாக்கம் முதல் மாடிதான் பொருத்தம், தளம் சாலைக்கு மேலே இருக்கிறது என்று டியூப் லெவல் சொன்னால். பெரும்பாக்கம் என்றால் தண்ணீர் மட்டமும் அனுமதித் தேதியும் தாளில் தெளிவான பிறகுதான். எப்படியும் வில்லிவாக்கத்தில் வாடகைதானே கொடுக்கிறீர்கள், அதே வாடகையை அங்கே கொடுங்கள். செப்டம்பருக்குள் அந்தத் தெருவிலோ அடுத்த தெருவிலோ பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடிபோய்விட்டால் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் பார்த்துவிடலாம். ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்ற வரி இருக்கட்டும், 'ஆறு மாதம் கட்டாயம்' என்ற லாக்-இன் வேண்டாம். வாடகைக்குத்தானே என்று தரைத்தளம் எடுத்துவிடாதீர்கள்.